வீடியோ ஓடும்போது புரிகிறது, நிறுத்தியதும் போய்விடுகிறது: நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள்?

தூக்கணாங்குருவி

வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு இசிஇ படிக்கிறேன். விடுதி வாசம். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் வழி. பத்தாம் வகுப்பை வீட்டில் அப்பாவின் போனில்தான் படித்தேன். 2021-இல் எங்கள் செட்டுக்குப் பொதுத்தேர்வே நடக்கவில்லை, எல்லோரும் தேர்ச்சி. அந்த வருடம் ஒட்டிக்கொண்ட பழக்கம் இன்னும் போகவில்லை. எந்தப் பாடமாக இருந்தாலும் முதலில் யூடியூப், அப்புறம்தான் புத்தகம்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஐஐடி பேராசிரியர்கள் வகுப்பெடுப்பதை என்பிடெல்லில் காசு கொடுக்காமல் பார்க்கலாம் என்பது எங்களைப் போன்ற கல்லூரியில் இருப்பவர்களுக்குப் பெரிய கொடை. தமிழிலேயே பொறியியல் பாடம் நடத்தும் சேனல்களும் இன்று நிறைய. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பாடத்தில் கன்வல்யூஷன் என்று ஒன்று வரும். இரண்டு சிக்னல்களில் ஒன்றை இடவலமாகத் திருப்பி, மற்றதன் மேல் மெல்ல நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் இரண்டையும் பெருக்கி வரும் பரப்பைக் கணக்கிட வேண்டும். வீடியோவில் பெரும்பாலும் ஒரே அகலமுள்ள இரண்டு செவ்வகத் துடிப்புகளை வைத்து நடத்துவார்கள். விடை அழகான முக்கோணம். அது மனதில் அப்படியே உட்கார்ந்துவிடும். தேர்வில் ஒன்றின் அகலம் 2, மற்றதன் அகலம் 1 என்று வந்தது. இரண்டுக்கும் உயரம் 1, இரண்டும் 0-இல் தொடங்குபவை. எங்கள் வகுப்பில் பலர் முக்கோணத்தையே வரைந்துவிட்டு வந்தார்கள். சரியான விடை சரிவகம்: 0 முதல் 1 வரை ஏறும், 1 முதல் 2 வரை மட்டமாக நிற்கும், அப்புறம் 3-இல் பூஜ்ஜியத்துக்கு இறங்கிவிடும். சின்னத் துடிப்பு பெரியதற்குள் முழுதாக அடங்கி நகரும் நேரம் ஒன்று இருக்கிறதே, அதுதான் அந்த மட்டமான பகுதி.

வீடியோவில் இதை யாரும் மறைக்கவில்லை. எங்கே ஒன்றின் மேல் ஒன்று ஏறத் தொடங்குகிறது, எங்கே விலகுகிறது என்று ஆசிரியர் ஒவ்வொரு இடத்திலும் முடிவெடுத்துக்கொண்டேதான் போகிறார். ஆனால் முடிவெடுப்பது அவர். பார்க்கிறவர்கள் தலையாட்டுகிறோம். அடுத்தவர் போகும் வழியில் பின்னாலேயே போக முடிந்தால் அதைப் ‘புரிந்துவிட்டது’ என்கிறோம்.

வேகத்தை 2 மடங்காக்கி ஓட்டுவதும், ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓட ஆரம்பிப்பதும்தான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? எப்படிப் படிக்கிறீர்கள்?

குரூப்2 கனவு

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் எங்களுக்கும் அதே கதைதான் தம்பி, வீடியோவுக்குப் பதில் பிடிஎஃப். டெலிகிராமில் பத்து குழுவில் இருக்கிறோம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை சமச்சீர் புத்தகங்கள், அதற்குக் குறிப்புகள், குறிப்புகளுக்குச் சுருக்கம், நடப்பு நிகழ்வுகள் மாதவாரியாக. டவுன்லோடு ஆனதுமே ஒரு நிம்மதி வரும், பாதி படித்துவிட்ட மாதிரி. போன் நிரம்பிவிடுகிறது, திறந்து பார்த்தது கொஞ்சம்தான். இழையைத் தொடர்ந்து படிக்கிறேன், நல்ல யோசனை வந்தால் எடுத்துக்கொள்வேன்.

குறிஞ்சி

உளவியல் முதுகலை படிக்கிறேன். நீங்கள் சொன்ன அந்தத் தலையாட்டலைப் பற்றி எங்கள் துறையில் நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் செய்து 2006-இல் வெளியிட்டது எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு. மாணவர்களுக்கு ஒரு உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு படித்துவிட்டு, தாளை மூடி, நினைவில் இருப்பதை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ், மூடி வைத்து எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, ‘நமக்கு நன்றாக நினைவிருக்கும்’ என்று அதிகம் நம்பியவர்கள் திரும்பத் திரும்பப் படித்த குழுவினர்.

ஆக, ஒரு பாடம் மனதில் நின்றதா என்பதற்கு நம் உணர்வை அளவுகோலாக வைக்க முடியாது. சரளமாகப் போனால் கற்றுக்கொண்டதாகத் தோன்றும், அவ்வளவுதான். 2013-இல் டன்லாஸ்கியும் அவருடன் சிலரும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றாக வைத்து எடைபோட்டார்கள். கலர் பேனாவால் கோடு போடுவதும் மறுபடி படிப்பதும் கடைசி வரிசையில் வந்தன. தன்னைத்தானே கேள்வி கேட்டுப் பார்ப்பதும், இடைவெளி விட்டு விட்டுப் படிப்பதும் மேலே வந்தன.

வேகம் பற்றி மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். விரிவுரை வீடியோவை 2 மடங்கு வரை வேகமாக ஓட்டினாலும் புரிதலில் பெரிய இழப்பு இல்லை, அதைத் தாண்டும்போதுதான் அடி வாங்குகிறது என்று வந்தது. குற்றவாளியை வேறு இடத்தில் தேட வேண்டும்.

ஒலிப்புத்தகம்

வேகம் பற்றி நானும் சொல்ல வேண்டும். எனக்குப் பார்வை கிடையாது. முதுகலைப் பொருளியல் படிக்கிறேன். கணினியில் என்விடிஏ, போனில் டாக்பேக், இரண்டும் எழுத்தைப் பேச்சாக்கித் தருபவை. நான் கேட்கும் வேகத்தை நீங்கள் கேட்டால் ஏதோ பூச்சி ரீங்காரம் என்று நினைப்பீர்கள். எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவு. இந்த வேகம் இல்லாவிட்டால் என் கூடப் படிப்பவர்கள் கண்ணால் ஒரு பக்கத்தை மேயும் நேரத்தில் நான் ஒரு பத்தியைத்தான் முடித்திருப்பேன். என்விடிஏ இலவசம், யாரும் இறக்கிக்கொள்ளலாம். இது வருவதற்கு முன் படித்த என் சீனியர்கள் யாராவது வாசித்துக் காட்ட வர மாட்டார்களா என்று காத்துக் கிடந்தார்கள், வாசித்ததைக் கேசட்டில் பதிந்து வைத்துப் படித்தார்கள். தொழில்நுட்பத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் தூக்கணாங்குருவி சொன்ன விஷயம் எனக்கு நன்றாகவே தெரியும். தேர்வில் நான் வாயால் சொல்ல, இன்னொருவர் எழுதுவார். அவருக்குப் பாடம் தெரியாது, தெரிந்திருக்கவும் கூடாது. ‘தேவைக்கோடு வலப்பக்கம் நகர்கிறது’ என்றால் எந்தக் கோடு, எந்த அச்சில், ஏன் என்று கோர்வையாக நானே சொல்லியாக வேண்டும். மனதில் மங்கலாக இருப்பது வாயில் வராது. அதனால் பள்ளி நாளிலிருந்தே ஒரு பாடத்தைக் கேட்டு முடித்தால் உடனே யாரிடமாவது சொல்லிப் பார்ப்பேன். ஆள் இல்லாவிட்டால் போனில் பதிவு செய்வேன். எங்கே தடுமாறுகிறேனோ அந்த இடத்துக்கு மட்டும் திரும்பிப் போவேன். நான் வேகமாகக் கேட்பது, இப்படிச் சொல்லிப் பார்க்க நேரம் மிச்சமாகும் என்பதற்காகவும்தான்.

சாக்பீஸ்

அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் நான், விழுப்புரம் மாவட்டம். மேலே நால்வரும் சொன்னதைப் படித்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று வந்தேன்.

இந்தத் தலையாட்டல் வீடியோவோடு வந்த நோய் இல்லை. கரும்பலகையில் நான் கணக்கைப் போட்டுக்கொண்டே போகும்போது ‘புரியுதா?’ என்று கேட்டால் அறுபது தலையும் ஆடும். கைடு வைத்துப் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதே கதைதான், விடையைப் பார்த்தால் தெரிந்தது போலவே இருக்கும். அதனால் பாடம் தொடங்கும் முன் நோட்டை மூடச் சொல்லி, ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நேற்று நடத்தியதை எழுதச் சொல்கிறேன். மார்க் கிடையாது, நான் வாங்கிப் பார்ப்பதும் கிடையாது. இருபடிச் சமன்பாடு நடத்திய மறுநாள் எல்லோரும் மூலங்களின் தன்மையைச் சொல்லும் தன்மைகாட்டியின் சூத்திரத்தைச் சரியாக எழுதியிருந்தார்கள். ‘அது பூஜ்ஜியத்தை விடக் குறைந்தால் வரைபடம் எங்கே இருக்கும்?’ என்றேன். வகுப்பே அமைதி. மெய் மூலங்கள் இல்லை என்ற வரி எல்லோருக்கும் மனப்பாடம், ஆனால் வளைவு எக்ஸ் அச்சைத் தொடாமல் நிற்கும் என்று யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அன்றைக்கு அந்த ஒரு கேள்வியோடு வகுப்பு ஓடிற்று, நான் கொண்டுபோன பாடம் தொடங்கவே இல்லை. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

ஊடகம் பிள்ளைகளுக்குச் செய்த நன்மையையும் சொல்லிவிடுகிறேன். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் வந்தது. மறுவருடம் பள்ளி மூடியபோது எங்கள் ஊரில் ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளுக்குப் பாடம் போய்ச் சேர்ந்தது அதன் வழியாகத்தான். 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சிட்டிருந்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் என் வகுப்புப் பெண் ஒருத்தி சொன்னாள், அப்பா வேலை முடிந்து எட்டு மணிக்கு வந்த பிறகுதான் போன் கைக்கு வரும், அதுவும் தம்பி விளையாடி முடித்த பிறகு. வீட்டில் போன் இருக்கிறது என்று கணக்கெடுப்பில் எழுதுவது ஒன்று, அது படிக்கிற பிள்ளையின் கையில் இருக்கிறதா என்பது வேறு.

தூக்கணாங்குருவி

டீச்சர், குறிஞ்சி அக்கா, ஒலிப்புத்தகம் அக்கா, மூவருக்கும் நன்றி. வேகத்தின் மேல் போட்ட பழியை எடுத்துவிடுகிறேன். ஒலிப்புத்தகம் அக்கா எழுதியதைப் படித்தபின் கேள்வியே மாறிவிட்டது. பாடத்தைக் கேட்டு முடித்த நிமிடத்துக்கும் அடுத்த காரியத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது?

டீச்சரின் வகுப்பில் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கம் அந்த நடுவில் இருக்கிறது. அக்காவுக்கு வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது இருக்கிறது. எங்களுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று விடுதியில் கவனித்துப் பார்த்தேன். வீடியோ முடிகிறது, மூலையில் ஒரு சின்ன வட்டம் சுற்றுகிறது, அது முடிவதற்குள் அடுத்தது ஓடத் தொடங்குகிறது. சரி என்று அதை நிறுத்தினால் கை தானாக ரீல்ஸுக்குப் போகிறது. 2020-இல் டிக்டாக்கைத் தடை செய்த சில வாரங்களிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்துவிட்டது, அப்புறம் யூடியூப் ஷார்ட்ஸ். அப்போது பள்ளியில் இருந்த எங்கள் வயதுக்காரர்களுக்கு அந்த இடைவெளி என்பதே வெறுமையாக இருந்து பழக்கமில்லை. ‘நான் இப்போது என்ன படித்தேன்?’ என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய நேரம் அதுதான், அதை வேறு யாரோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த நேரம் எனக்குத் திரும்ப வேண்டும்.

பழைய வானொலி

தம்பி, நான் 80-களில் இயற்பியல் படித்தவன், வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டேன். தொலைக்காட்சியில் பாடம் என்பது எங்கள் காலத்திலேயே வந்துவிட்டது. 1984 ஆகஸ்ட் 15-இலிருந்து பல்கலைக்கழக மானியக் குழுவின் கல்வி நிகழ்ச்சிகள் தூர்தர்ஷனில் வந்தன, நாடு முழுவதும் ஒரே வகுப்பறை என்ற எண்ணம். எங்கள் தெருவில் டிவி இருந்த ஒரே வீட்டில் அனுமதி வாங்கி உட்கார்ந்து பார்ப்பேன். எல்லாம் ஆங்கிலம். தமிழ் வழியில் வந்த எனக்குப் பாதி காற்றோடு போய்விடும்.

நிறுத்த முடியாது, பின்னால் ஓட்ட முடியாது. நிகழ்ச்சி முடிந்ததும் செய்தியோ வேறு ஏதோ வரும், அந்த வீட்டார் அணைத்துவிடுவார்கள். வீட்டுக்கு நடந்து வரும் வழியில் பார்த்ததை அசைபோடுவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை. படித்தது நின்றதற்கு அது ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் அந்தக் காலம் பொற்காலம் என்று யாரும் நினைக்க வேண்டாம். புரியாத இடத்தை இன்னொரு முறை கேட்க முடிந்திருந்தால் ஒளியியல் எனக்கு இவ்வளவு நாள் பயமாகவே இருந்திருக்காது. உங்கள் கையில் இருக்கும் அந்த நிறுத்தும் பொத்தானுக்காக நான் எவ்வளவோ கொடுத்திருப்பேன். அதை நிறைய அமுக்குங்கள்.

டவுன்பஸ்

எல்லோரும் பேசுவது நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் கேட்டுக்கொண்டே வந்தால் இதெல்லாம் மேஜை, நாற்காலி, அறைத் தோழர்கள் இருக்கிறவர்களுக்கான பேச்சு மாதிரி தெரிகிறது. நான் மதுரையில் ஒரு செல்போன் கடையில் பகல் முழுக்க வேலை பார்த்துக்கொண்டு அஞ்சல் வழியில் பி.காம் படிக்கிறேன். பாடம் கேட்பது பஸ்ஸில், நின்றுகொண்டே, காதில் ஹெட்செட். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது கண் சொருகிவிடும். எழுதிப்பார், சொல்லிப்பார், இடைவெளி விடு என்றால் எப்போது? ஒரு வீடியோ முடிந்து அடுத்தது தானாக ஓடுவது எனக்கு உபகாரம். நெரிசலில் போனை வெளியே எடுக்கவே முடியாது.

படிக்கிற முறை சரியில்லை என்று சொல்வதற்கு முன், படிக்க எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று கேளுங்கள்.

குறிஞ்சி

டவுன்பஸ், நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நான் மேலே சொன்ன ஆய்வுகளில் பங்கெடுத்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்கள், அமைதியான அறையில் உட்கார்ந்து படித்தவர்கள். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிற உடம்புக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது.

உங்களுக்குப் பயன்படலாம் என்று நினைக்கிற ஒன்றைச் சொல்கிறேன். ஷ்பூனர், கான், ஷாக்டர் என்ற மூவர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இது. 21 நிமிடப் புள்ளியியல் விரிவுரை ஒன்றை நான்கு துண்டாக வெட்டினார்கள். ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் சின்னக் கேள்விகளுக்குப் பதில் எழுதியவர்களுக்கு அடுத்தடுத்த துண்டுகளில் மனம் அலைபாய்வது குறைந்தது, அவர்கள் குறிப்பும் அதிகம் எடுத்தார்கள், கடைசித் தேர்விலும் நன்றாகச் செய்தார்கள். கூடுதல் நேரம் படிக்கவில்லை, இருந்த நேரம் வேறு மாதிரி போயிற்று. பஸ்ஸில் எழுத முடியாது. ஆனால் இரண்டு நிறுத்தம் பாடம், ஒரு நிறுத்தம் சும்மா என்று வைத்துக்கொள்ளலாம். ஹெட்செட் பட்டனை ஒரு முறை அமுக்கினால் ஒலி நின்றுவிடும், போனை வெளியே எடுக்க வேண்டியதில்லை. ‘தேய்மானத்தை ஏன் செலவில் காட்டுகிறோம்?’ என்று மனதுக்குள் ஒரு பதில் சொல்லிப் பாருங்கள். வராவிட்டால் பரவாயில்லை, வரவில்லை என்று தெரிவதே அடுத்த முறை காதைத் தீட்டிவிடும்.

டவுன்பஸ்

ஹெட்செட் பட்டன் யோசனை நன்றாக இருக்கிறது. பெரியார் நிலையத்திலிருந்து எங்கள் நிறுத்தம் வரை முயற்சி செய்து பார்க்கிறேன். நன்றி.

ஓலைச்சுவடி

இவ்வளவு நேரம் நீங்கள் எல்லோரும் பேசியதை நம்மூர் இலக்கண நூல் ஒன்று பதிமூன்றாம் நூற்றாண்டிலேயே வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல், பொதுப்பாயிரம், பாடம் கேட்கும் முறையைச் சொல்லும் பகுதி. மாணவன் செய்ய வேண்டியவற்றில் ‘கேட்டவை நினைத்தல்’ என்று தனியாகவே ஒன்று வருகிறது. ‘வினாதல், வினாயவை விடுத்தல்’ என்றும் வருகிறது, அதாவது கேள்வி கேட்பது, கேட்ட கேள்விக்கு விடை சொல்வது. அதற்குச் சற்றுப் பின்னால் வருகிற கணக்கு இன்னும் அருமை. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் ‘காற்கூறு அல்லது பற்றலன் ஆகும்’, கால் பங்குக்கு மேல் கைக்கு வராது. உடன் பயில்பவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும் என்கிறது. வீடியோ எவ்வளவு தரமாக இருந்தாலும் அது முதல் கால் பங்குக்குள் அடங்கிவிடும்.

இதை வைத்து எல்லாமே நம்மிடம் முன்பே இருந்தது என்று மார் தட்ட வரவில்லை. அந்தப் படிப்பு யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று நமக்குத் தெரியும். முறை மட்டும் எடுத்துக்கொள்ளத் தக்கது. சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதை விடுதியில் 1789 முதல் கண்காணிப்பாளராக இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். தேறிய பிள்ளைகளை வைத்தே மற்றவர்களுக்குச் சொல்லித்தர வைத்தார். 1797-இல் லண்டனில் அதை எழுதி வெளியிட, ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் பிரிட்டனில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இன்றும் மதராஸ் காலேஜ் என்று ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆனால் அங்கே அது குறைந்த செலவில் நிறையப் பிள்ளைகளை ஒப்பிக்க வைக்கிற ஏற்பாடாகத்தான் பெரும்பாலும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

சாக்பீஸ்

ஓலைச்சுவடி, அந்த அரைப் பங்கை நான் நேரில் பார்த்தேன். கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது எங்கள் ஊரில் கல்லூரி படிக்கும் பெண்கள் தன்னார்வலராகச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் பழைய மாணவி, கணக்கு என்றாலே காத தூரம் ஓடியவள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ‘பின்னத்தை வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்கணும்?’ என்று அவளைக் கேட்டுவிட்டது. இரவில் எனக்குப் போன் செய்தாள். நான் விதியைச் சொல்லவில்லை, அரை ரொட்டியில் எத்தனை கால் ரொட்டி என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் மௌனம், அப்புறம் ‘மிஸ், எனக்கு இது இன்னைக்குத்தான் புரியுது’ என்றாள். பன்னிரண்டு வருடம் அவளுக்குக் கணக்கு நடத்தியவர்கள் எல்லோரும் சேர்ந்து செய்யாததை அந்தச் சின்னப் பிள்ளையின் கேள்வி செய்துவிட்டது.

பனங்காடு

இடையில் ஒரு கேள்வி. இப்போது எல்லோரும் சாட்ஜிபிடி மாதிரியானவற்றைக் கேட்டுப் படிக்கிறார்கள். வீடியோவைப் போலத் தள்ளிக்கொண்டு போகாது, நாம் கேட்டால்தான் பேசும். தமிழிலும் சொல்கிறது. அது பரவாயில்லையா?

தூக்கணாங்குருவி

விடுதியில் எல்லோரும் பயன்படுத்துகிறோம். எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘இந்தக் கணக்கைப் போட்டுக் கொடு’ என்றால் அழகாகப் படிப்படியாக வரும், நாம் மறுபடியும் தலையாட்டுவோம். ‘விடையைச் சொல்லாதே, நான் போட்டதில் முதல் பிழை எந்த வரியில் என்று மட்டும் சொல்’ என்றால் வேலை நம் பக்கம் வந்துவிடுகிறது. ‘இந்தப் பாடத்திலிருந்து என்னைக் கேள்வி கேள்’ என்றாலும் நன்றாகக் கேட்கிறது. ஆனால் தவறான விடையையும் அதே தைரியத்தோடு சொல்லும். இன்டெக்ரல் எல்லைகளில் இதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் பாடப்புத்தகம் இல்லாமல் நம்ப வேண்டாம்.

குரூப்2 கனவு

முதலில் எழுதியபோது எங்கள் நூலகக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை, இப்போது சொல்கிறேன். மாவட்ட மைய நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் தினமும் வருவோம். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதிக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும், அப்படி ஒரு கூட்டம். டீ குடிக்க வெளியே வரும்போது நாங்கள் ஐந்தாறு பேர் மரத்தடியில் நின்று ஒருவரையொருவர் கேள்வி கேட்போம். பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் என்றால் ஆளுக்கொரு பாடம். ‘1806 வேலூர் எழுச்சிக்கு உடனடிக் காரணம்?’ என்று ஒருவர் கேட்பார், ‘புதுத் தலைப்பாகை’ என்று ஒருவர் சொல்வார். ‘அதில் என்ன ஆட்சேபம்? வேறு என்னென்ன உத்தரவு?’ என்று இன்னொருவர் விடமாட்டார். தோலில் செய்த சின்னம், விபூதியும் கடுக்கனும் கூடாது, தாடி கூடாது, மீசையைத் திருத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாக வரும். மரத்தடியில் பேசியது மறப்பதே இல்லை, பிடிஎஃப்பில் கோடு போட்டது நிற்பதில்லை. இந்த இழையைப் படித்த பிறகுதான் ஏன் என்று விளங்குகிறது. டெலிகிராம் குழுக்களில் பாதியிலிருந்து இன்று வெளியே வந்துவிட்டேன்.

தூக்கணாங்குருவி

அண்ணா, மரத்தடிதான் எங்களுக்கும் வேண்டும். விடுதியில் இதைத் தொடங்குகிறோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒரு கணக்கு, ஒருவர் போர்டில் போடுவார், மற்றவர்கள் ஏன் ஏன் என்று கேட்பார்கள். போன்கள் கட்டிலின் மேல்.

இன்னொன்றும் யோசித்தோம். ஒலிப்புத்தகம் அக்கா, நாங்கள் போடும் விளக்கத்தை ஒலியாகப் பதிந்து இங்கே ஏற்றலாமா? உங்கள் துறை வேறுதான், ஆனால் வரைபடங்களை வாயால் சொல்வது எங்களுக்கும் பயிற்சி. பார்வையில்லாத மாணவர்கள் யாருக்காவது உதவினால் சந்தோஷம். எப்படிச் சொன்னால் உங்களுக்குப் புரியும் என்று சொல்லித்தாருங்கள்.

ஒலிப்புத்தகம்

தாராளமாகச் செய்யுங்கள் தம்பி. என் தம்பி முறையில் ஒருவன் பதினொன்றாம் வகுப்பு, அவனுக்கும் பார்வை குறைவு, கணக்கு என்றால் உயிர். அவனுக்கே அனுப்புவேன்.

எந்த வரைபடமானாலும் முதலில் கிடை அச்சில் என்ன, செங்குத்து அச்சில் என்ன என்று சொல்லுங்கள். அப்புறம் கோடு எங்கே தொடங்குகிறது, ஏறுகிறதா இறங்குகிறதா, எந்த இடத்தில் திரும்புகிறது, எங்கே முடிகிறது. முழு வடிவத்தின் பெயரைக் கடைசியில் சொல்லுங்கள், முதலிலேயே ‘முக்கோணம்’ என்று சொன்னால் மீதியைக் கேட்காமல் நானாகவே ஒன்றை மனதில் வரைந்துவிடுவேன். ‘இங்கே பாருங்கள்’, ‘இது இப்படி வருகிறது’ வேண்டாம். விரிவுரை வீடியோக்களில் என்னைத் திண்டாட வைப்பது அந்த ‘இது’தான். சமன்பாட்டைச் சொல்லும்போது அடைப்புக்குறி எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்று சொல்லாவிட்டால் வேறு சமன்பாடாகிவிடும்.

ஒரு பதிவில் ஒரு கணக்கு போதும். கேள்வியைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருங்கள், நாங்கள் யோசித்துக்கொள்கிறோம். கோப்பின் பெயரில் பாடத்தின் பெயரும் அலகு எண்ணும் இருக்கட்டும். ‘ஆடியோ 1’, ‘ஆடியோ 2’ என்று இருந்தால் திரை வாசிப்பானில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.